முதலில் வீட்டுச் சாவி

பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு வீடு தர வேண்டும் என்றால் நிபந்தனைகள் வரிசையாக வரும். குடியை விடட்டும், உடம்பு தேறட்டும், ஒரு வேலையில் நிலைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். இந்த வரிசையே தவறு. ஆதார் அட்டை வைத்த பை களவுபோகுமோ என்று இரவெல்லாம் விழித்திருப்பவர், காலையில் எந்த வேலையில் நிலைப்பார்? மாத்திரையை எங்கே வைத்து வேளாவேளைக்குப் போடுவார்?

பின்லாந்து 2008-ல் வரிசையை மாற்றியது. முதலில் வீடு, சிகிச்சையும் வேலையும் பிறகு. ஹெல்சிங்கியில் சால்வேஷன் ஆர்மி நடத்திய பெரிய விடுதிகூடத் தனித்தனிக் குடியிருப்புகளாக மாறியது. ஒப்பந்தம் குடியிருப்பவர் பெயரிலேயே இருக்கும். வாடகையும் அவர் பொறுப்பு; முடியாதவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. குடியை விடாதவருக்கும் கதவு திறந்தது. அந்த ஆண்டு 8,000 அளவில் இருந்த வீடற்றோர் 2022-ல் 4,000-க்கும் கீழே வந்துவிட்டார்கள்.

அது பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட முடியாது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-ல் சென்னையில் தொடங்கிய 'தி பானியன்', தெருவில் அலைந்த மனநலம் பாதித்த பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. தேறியவர்களில் பலர் ஊர் திரும்பினார்கள். போக இடமில்லாதவர்களுக்குக் காப்பகமே ஆயுளாகிவிடும் நிலை. 2015-ல் அவர்களுக்காக 'ஹோம் அகெய்ன்' திட்டம் வந்தது. நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகைக்குக் குடியிருப்பார்கள், துணைக்குப் பணியாளர் ஒருவர் இருப்பார். இன்று என்ன குழம்பு, எந்தக் கடையில் காய், பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா என்பதெல்லாம் அவர்களே எடுக்கும் முடிவுகள். பல வருடம் பிறர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டவருக்கு இது சிறிய விஷயமில்லை.

நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. தேவையான உத்தரவு. ஆனால் காப்பகத்திலிருந்து வெளியே வர முயல்பவரை மறிப்பது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது நீண்ட நாள் வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று வரம்பு வைத்தது. கூடவே, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மீறலாம் என்று வழியும் விட்டது. நாள்கூலிக்காரர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? புரோக்கர் கமிஷன் வேறு. பணம் புரட்டினாலும், முன்பு எங்கே குடியிருந்தீர்கள் என்று ஓனர் கேட்கும்போது சொல்ல ஒரு விலாசம் இல்லை.

அரசின் குடியிருப்பு வாரிய வீடுகள் இருக்கின்றனவே என்பார்கள். சென்னையின் புறத்தே உள்ள கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்ட எத்தனையோ குடும்பங்கள் அங்கே சுவரும் கூரையும் பெற்று, நகருக்குள் செய்துவந்த வீட்டுவேலையையும் வியாபாரத்தையும் இழந்தன. கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குபவருக்கு நள்ளிரவில் நடந்து போகும் தூரத்தில் அறை வேண்டும்.

அதனால் உதவியைக் கட்டடத்தோடு கட்டாமல் ஆளோடு சேர்த்துத் தர வேண்டும். அவர் தேர்ந்தெடுக்கும் வீட்டின் அட்வான்ஸுக்கு மாநகராட்சி ஜாமீன் நிற்கட்டும். முதல் வருட வாடகையில் ஒரு பங்கைக் கொடுக்கட்டும். மாதம் இருமுறை வந்து விசாரிக்க ஒரு சமூகப் பணியாளரை நியமிக்கட்டும். அடுத்த மாநகராட்சி பட்ஜெட்டிலேயே ஒரு மண்டலத்தில் தொடங்கக்கூடிய வேலைதான் இது.