கலைக்கும் ஒரு கங்காணியா?

பல்கலைக்கழகக் கலைக்கல்வி பற்றிய உரையாடல்களில் அண்மைக் காலமாக இரு தொடர்கள் இடையறாது ஒலிக்கின்றன. ‘அனைவரையும் உள்ளடக்கல்’ என்பது ஒன்று. ‘மண்ணின் மக்களை மையப்படுத்தல்’ என்பது மற்றொன்று. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில், நிலமும் மொழியும் பறிக்கப்பட்ட ஆதிக்குடிகள் நடத்திய நீண்ட போராட்டத்தின் பேறாகவே இத்தொடர்கள் பல்கலைக்கழகங்களின் வாயிலுக்குள் நுழைந்தன. மாஓரி இன அறிஞரான லிண்டா துஹிவாய் சிமித் 1999இல் வெளியிட்ட நூலில், ‘ஆய்வு’ என்னும் சொல்லே ஆதிக்குடிகளிடையே வெறுப்புக்குரியதாகிவிட்டமையை எடுத்துக்காட்டினார். வந்தவர் கேட்டனர், எழுதினர், எடுத்துச் சென்றனர். கொடுத்தவருக்கு மிஞ்சியது யாதுமில்லை. அவ்வெறுப்பின் தோற்றுவாய் இதுவே.

இலங்கையிலோ இத்தொடர்கள் பெரும்பாலும் திட்ட அறிக்கைகளின் வழியே வந்து சேர்ந்தன. போராட்டத்தினூடாக வாராத சொல், பொருளிழந்து அலங்காரமாக எஞ்சிவிடுவது எளிது. மலையகத்துக் கலைகளைப் பல்கலைக்கழக மாணவருக்கு அறிமுகப்படுத்தும் முயற்சிகளை உற்று நோக்குவோருக்கு இவ்வுண்மை புலப்படாமற் போகாது.

அவிசாவளையிலிருந்து அட்டனுக்கு ஏறும் நெடுஞ்சாலையும் நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதையும் கூடுமிடத்தில் அமைந்த ஊர் கினிகத்தேனை. நுவரெலியா மாவட்டத்தின் மேற்கு வாயில் எனத்தக்க இவ்வூரைச் சூழச் சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்ட லயங்களும் அருகருகே உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி வழியாக இங்கு வந்து சேரும் பயணம் நெடியதன்று. ஆயின் பல்கலைக்கழகத்தின் கலைக்கல்விக்கும் இம்மலைச்சரிவுகளின் கலைக்கும் இடையிலுள்ள தொலைவு கிலோமீற்றரால் அளக்கத்தக்கதன்று.

அத்தொலைவு எவ்வாறு நேர்ந்தது? 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’யை அரங்கேற்றினார். அதற்கு வேண்டிய நாடகம் மரபை அம்பலாங்கொடையின் சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடமிருந்து அவர் பெற்றார். தமிழ்த் துறையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1967) ஆகியவற்றை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கற்றோரால் ஒதுக்கப்பட்டிருந்த கூத்தை அவர்தம் மதிப்புக்குரியதாக்கிய பெருமை அவருக்குரியது. அப்பெருமையை எவரும் மறுத்தற்கில்லை. எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. மலைநாட்டின் மடியிலேயே அமைந்த அப்பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற இந்நான்கு தயாரிப்புகளுள் மலையகக் கூத்து ஒன்றேனும் இடம்பெறாதது ஏன்? கீழ்க்கரையின் வடமோடி, தென்மோடிகள் பேராதனைக்கு வந்து சேர்ந்தன. புகையிரதம் ஏறினால் ஒருசில மணி நேரத்திற் காணத்தக்க காமன் கூத்து ஆய்வாளரின் குறிப்பேட்டளவில் நின்றுவிட்டது.

விடை வரலாற்றில் உள்ளது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனக் கணக்கிட்டது. நாளை இருப்பாரோ மாட்டாரோ என்று அரசு எண்ணிக்கொண்டிருந்த மக்களின் கலையை, ‘தேசிய மரபு’ என ஏற்பதற்குக் கல்வியுலகமும் துணியவில்லை. பிரசாவுரிமை மறுக்கப்பட்டவர்க்குக் கலையுரிமையும் மறுக்கப்பட்டது.

பல்கலைக்கழகம் தவறவிட்டதுதான் என்ன? மாசி மாதத்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலிலே கம்பம் நட்டுக் காப்புக் கட்டும்போது தோட்டத்திற் கூத்துத் தொடங்குகின்றது. முழுமதி வரை இரவுதோறும் தப்பொலி எழும். ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நிகழும், சிவனின் தவம் கலையும், மதன் எரிவான், ரதி புலம்புவாள், மதன் மீள்வான். தூதனும் வீரபத்திரனும் எமனும் குறவன் குறத்தியும் லயங்களினிடையே தீவட்டி ஒளியில் வருவர். தோட்டம் முழுவதுமே அரங்கு. வேடமிடுவோர் பகலிற் கவ்வாத்து வெட்டியவரும் கொழுந்து நிறுத்தவரும். அருச்சுனன் தபசில் உயர்ந்த கம்பத்தின் மீதேறி நின்று பாடுபவனும், பொன்னர் சங்கரிற் படுகளம் விழுபவனும் அவர்களே. வாத்தியாரின் வாய்மொழியே பாடநூல். பல ஆண்டுப் பயிற்சியே பட்டம். இது ஒரு கலைக்கல்லூரியன்றி வேறு யாது?

இக்கல்லூரியோடு பல்கலைக்கழகம் இன்று கொண்டுள்ள உறவோ நகைப்புக்குரியது. கலைவிழா அறிவிக்கப்படும். தோட்டமொன்றிலிருந்து தப்புக் குழுவினர் பேருந்தில் அழைத்து வரப்படுவர். பிரதம விருந்தினரை வாயிலிலிருந்து மண்டபம் வரை தப்படித்து அழைத்து வருவதே அவர்தம் பணி. மேடையிற் பத்து நிமிடம் கிடைப்பின் அது பெரும்பேறு. பின்பு உணவுப் பொதியும் பொன்னாடையும் புகைப்படமும்! ஆண்டறிக்கையில் ‘மலையகச் சமூகம் உள்ளடக்கப்பட்டது’ என ஒரு வரி சேரும். இவ்வுள்ளடக்கலில் கற்பித்தவர் யார்? கற்றவர் யார்? மாணவன் ஒரு அடியேனும் பயின்றானா? கலைஞன் ஒரு சொல்லேனும் விளக்கினானா? கதவைத் திறந்து வாசற்படியில் நிற்கவைப்பது உள்ளடக்கல் ஆகாது.

இத்தகைய நிகழ்ச்சிகளின் நடுவே நிற்பவர் ‘ஒருங்கிணைப்பாளர்’ எனப்படுகின்றார். தோட்ட வரலாறு அறிந்தோர்க்கு இவ்வுருவம் புதிதன்று. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே பெரிய கங்காணி நின்றான். ஆட்களைத் திரட்டியவன் அவன். தலைக்காசு பெற்றவனும் அவன். கடன் கணக்கும் ‘துண்டு’ம் அவன் வழியே சென்றன. துரையின் மொழியைத் தொழிலாளிக்கும் தொழிலாளியின் குறையைத் துரைக்கும் எடுத்துரைக்கும் ஏகபோகமே அவனது வலிமை. இன்றைய ஒருங்கிணைப்பாளர் நல்லெண்ணம் உடையவராகவே இருக்கலாம். ஆயின், எந்தக் கலைஞர் வருவர், எதனைக் காட்டுவர், எத்துணை நேரம் காட்டுவர், எவ்வளவு ஊதியம் பெறுவர் என்பன யாவும் அவரால் மட்டும் தீர்மானிக்கப்படுமாயின், பதவியின் பெயர் மாறியதேயன்றி அமைப்பு மாறவில்லை. கூலிக்குக் கங்காணி இருந்த காலம் போய்க் கலைக்கும் கங்காணி வந்த காலமாக அது முடியும்.

இவ்விடத்து மூன்று மறுப்புகள் எழுப்பப்படுவதுண்டு.

மலையகத் தமிழர் இந்நாட்டின் ஆதிக்குடிகள் அல்லரே, ஆதலின் ‘மண்ணின் மக்கள்’ என்னும் கோட்பாடு அவர்க்குப் பொருந்துமோ என்பது முதலாவது. இலங்கையின் ஆதிக்குடிகள் வேடரே. அவர்தம் உரிமையை எவரும் கவர்தல் ஆகாது. ஆயின், காடாயிருந்த மலைகளிலே கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டு, அம்மண்ணிலேயே பிறந்து, அம்மண்ணுக்கே உரமாகியோரின் கலை எந்த மண்ணுக்குரியது? 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை முன்னிறுத்தித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோர் கேட்டதும் இதனையே. பழைமையின் அளவைக் கேட்பவர் கலையின் உரிமையை மறுக்கவே வழி தேடுகின்றனர். இங்குக் கோட்பாட்டின் சாரம், கலை எவருடையதோ அவரே அதனைக் கற்பிக்கும் அதிகாரமும் உடையவர் என்பது.

நாட்டார் கலையில் பல்கலைக்கழகத் தரம் இல்லை என்பது இரண்டாவது. திருமணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்தின் ஒவ்வொரு வரவுக்கும் வேறோர் அடி எனத் தப்பின் தாளங்கள் விரிகின்றன. தோலை நெருப்பிற் காய்ச்சிச் சுருதி சேர்க்கும் நுட்பத்தை ஒரு பருவகாலத்திற் பயின்றுவிட இயலுமோ? தேர்வுத்தாளில் வாராதது தரமற்றது என்று கொள்ளுதல் தேர்வுத்தாளின் குறையேயன்றிக் கலையின் குறையன்று.

மலையக இளைஞரே இவற்றை விரும்புவதில்லை என்பது மூன்றாவது. இது ஓரளவு உண்மை. ஆயின் அந்நாணத்தைக் கற்பித்தவர் யார்? பள்ளியில் அழகியற் பாடமெனக் கர்நாடக சங்கீதமும் பரதமும் கற்பிக்கப்படுகின்றன. அவை உயர்ந்த கலைகளே. அவற்றின் மீது பகைமை வேண்டியதில்லை. ஆயினும் தந்தையின் தோளில் தொங்கும் கருவி பாடசாலை வாயிலைத் தாண்டலாகாது என்று பதினொரு ஆண்டுகள் கண்டறிந்த பிள்ளை, பல்கலைக்கழகம் வந்ததும் அதனைப் போற்றும் என எதிர்பார்ப்பது பேதைமை.

உள்ளடக்கல் பற்றிய பேச்சு இனத்தோடு மட்டும் நின்றுவிடுவதும் ஒரு தப்பித்தலே. தப்பு குறிப்பிட்ட சாதியார் தலையிற் சுமத்தப்பட்ட கடமையாய் இருந்தமையும், சாவு வீட்டில் அடிப்பவரை இழிவாய் நோக்கும் மனப்பாங்கு இன்னும் முற்றாய் ஒழியாமையும் மலையகத்தின் உள்முரண்பாடுகள். தமிழகத்தில் 1990கள் முதல் தலித் கலை இயக்கங்கள் பறையை இழிவின் அடையாளத்திலிருந்து விடுதலையின் குரலாக்கின. மலையகத்துக் கற்றோரும் இதனைக் கருத்தில் இருத்தல் வேண்டும். அதுபோன்றே, கொழுந்து பறிக்கும் பெண்களின் உழைப்பில் நிற்கும் தோட்டத்தில், ரதியின் வேடத்தையும் ஆண்களே தாங்கி வந்துள்ளனர். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களின் நாவில் உள்ளன. அவற்றை அறிந்த மூதாட்டியரும் ஆசிரியராகாத திட்டம் அரைத் திட்டமே.

கலையை உயர்த்துவோர் கலைஞரைத் தாழ்த்திவிடுவதற்கும் எடுத்துக்காட்டு அருகிலேயே உண்டு. கொஹொம்ப கங்காரியச் சடங்கிற் பெரவா சமூகத்தார் பேணி வந்த கண்டி நடனம், 20ஆம் நூற்றாண்டிற் பாடசாலைப் பாடமாகவும் அரச விழாக்களின் அணியாகவும் உயர்ந்தது. கலை நாட்டின் பெருமையாயிற்று. ஆயின் அதனைத் தலைமுறை தலைமுறையாய்க் காத்தோரின் பிடி தளர்ந்தது. காமன் கூத்துக்கும் நாளை இந்நிலை வாராதென உறுதி கூற இயலுமா? சி. வி. வேலுப்பிள்ளையின் வழி இதற்கு மாறானது. 1914இல் தோட்டத்திற் பிறந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, 1984இல் மறைந்த அவர், மலைநாட்டுப் பாடல்களை அம்மக்களுள் ஒருவராய் நின்று தொகுத்தார்.

செய்யத்தக்கது யாதெனின், அது அரிதன்று. மாணவரே தோட்டத்துக்குச் செல்லட்டும். நிகழ்ச்சி நிரல் பல்கலைக்கழக நாட்காட்டியைப் பின்பற்றாது மாசிப் பிறையைப் பின்பற்றட்டும். கம்பம் நடும் நாளிலிருந்து மதன் மீளும் நாள்வரை தங்கிப் பயில்வதே செய்முறைப் பாடமாகிப் புள்ளியும் பெறட்டும். திட்டம் தீட்டும் குழுவிற் கூத்து வாத்தியாரும் தப்புக் கலைஞரும் தோட்டப் பெண்களும் வாக்குரிமையோடு அமரட்டும். வருகை விரிவுரையாளருக்குரிய கொடுப்பனவு அவர்க்கும் உரியதாகட்டும். வேலைக்குச் செல்லாத நாளில் தொழிலாளி இழப்பது ஒரு ‘பேர்’; அவ்விழப்பைக் கலைப்பற்று என்ற பெயரில் அவர்மீது சுமத்துதல் சுரண்டலின் மற்றொரு வடிவம். ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் அவர் இசைவோடு எடுக்கப்பட்டு, ஒரு படி தோட்டத்திலேயே தங்கட்டும். கினிகத்தேனை போன்று இருமொழியினரும் அயலவராய் வாழும் இடங்களிற் சிங்கள மாணவரும் கிராமத்தவரும் உடனிருந்து பார்க்கவும் பயிலவும் வழி பிறக்கட்டும். சிங்கள நாடகத்தின் வேரிலேயே தமிழ்க் கூத்து உண்டு என்பதை அறியும் மாணவன், ‘அந்நியர் கலை’ என்னும் சொல்லை மீண்டும் உச்சரிக்கத் தயங்குவான்.

ஒருங்கிணைப்பாளரின் கடமை அப்போது எளிதாகும்: பேருந்துக்கும் தங்குமிடத்துக்கும் பணத்துக்கும் ஒழுங்கு செய்து, கற்பிப்போருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்றல். ஒதுங்கி நிற்க மனமில்லாதவர் அப்பதவியை ஏலாதிருப்பதே கலைக்குச் செய்யும் தொண்டு.

இரு நூற்றாண்டுகளாய் இம்மக்கள் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் ஏற்றுமதி செய்து நாட்டைக் காத்தனர். கலையை ஏற்றுமதி செய்யாமல் தம்மைக் காத்துக்கொண்டனர். அக்கலையைக் கற்க விரும்பும் பல்கலைக்கழகம் மாணாக்கனுக்குரிய பணிவோடு மலையேறட்டும். ஆட்கட்டும் துரையின் மிடுக்கோடு வருமாயின், காமன் பொட்டலில் அதற்கு இடமில்லை என்று சொல்லும் உரிமை தோட்டத்தவர்க்கு உண்டு. அவ்வுரிமையை முதலில் ஏற்றுக்கொள்வதே உள்ளடக்கலின் முதற்பாடம்.