மூணு நாள் வரலைன்னா யார் கேட்பாங்க?

சேலையூரில் எங்கள் தெருவில் ஒரு பையன். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். தினமும் காலை ஏழரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவான். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் காலேஜ். சாயந்தரம் ஐந்தரைக்கு டாணென்று வீட்டில் இருப்பான். டிபன் பாக்ஸும் காலியாகத்தான் வரும். அம்மாவுக்கு எப்படி சந்தேகம் வரும், சொல்லுங்கள்?

ஒருநாள் காலேஜிலிருந்து தபால். 'உங்கள் மகனுக்கு அட்டெண்டன்ஸ் போதாது. பரீட்சை எழுத முடியாது. பெற்றோர் நேரில் வரவும்.'

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆறு வாரமாகப் பையன் காலேஜ் பக்கமே போகவில்லை! தாம்பரத்தில் ஏறுவான். பீச் வரை போவான். திரும்பி வருவான். மறுபடி பீச்... பொழுது சாயும்வரை இதேதான். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாடு பிளாட்பார நாய்க்கு. "ராத்திரி தூக்கமே இல்லை, கிளாஸுக்குள்ள போனாலே நெஞ்சை அடைக்குது" என்று டாக்டரிடம்தான் முதன்முதலாக வாய் திறந்தான். மனச்சோர்வு என்றார் டாக்டர். மருந்தும் ஆலோசனையுமாக மெல்லத் தேறினான். ஒரு வருஷம் போனாலும் படிப்பை முடித்துவிட்டான்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. அந்தத் தபாலை எடுத்துக்கொண்டு அம்மா காலேஜுக்குப் போனபோது, லைப்ரரி அட்டெண்டர் ஓடி வந்து சொன்னாராம்: "வர்றதை நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு மாசமா தம்பி ஒரே பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கும்மா. ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. ஆனா இதை யார்கிட்டப் போய் சொல்றது? நான் யாரு இதெல்லாம் கேட்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் காலேஜ்தான் நல்ல காலேஜ் என்பேன் நான்.

மாணவனுக்கு மனசு சரியில்லை என்றால் அதை முதலில் பார்க்கிறவர் டாக்டர் இல்லை. மெஸ்ஸில் பரிமாறுகிறவர், ஹாஸ்டல் வாட்ச்மேன், லேப் அசிஸ்டென்ட், ஃபீஸ் கட்டும் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் கிளார்க், வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்... இவர்கள்தான் பார்க்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. பார்த்ததைச் சொல்ல ஓர் இடம்தான் இல்லை.

தாம்பரத்திலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1837-ல் தொடங்கிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல் ஊருக்குள்ளிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. விடுதிகளை அங்கே 'ஹால்' என்பார்கள். செயின்ட் தாமஸ், சேலையூர், ஹீபர் என்று ஹாலுக்கு ஹால் பெயர் உண்டு. பாடம் நடத்தும் பேராசிரியரே வார்டனாகவும் இருப்பது அங்கே வழக்கம். வகுப்பில் பார்த்த முகத்தையே விடுதியிலும் பார்க்கிறார் என்றால், வாட்டம் தெரியாமல் போகுமா? அதனால் அங்கே எல்லாமே சரி என்று நான் சான்றிதழ் தரவில்லை. அந்த ஏற்பாட்டில் ஒரு புத்தி இருக்கிறது என்கிறேன், அவ்வளவுதான்.

இன்று நிலைமை வேறு. ஜி.எஸ்.டி. ரோடு நெடுக காலேஜ்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் விடியற்காலையில் பெட்டியோடு இறங்கும் பிள்ளைகளில், வீட்டிலேயே முதல்முதலாகக் காலேஜ் வாசல் மிதிக்கிறவர்கள் எத்தனை பேர்! பெருங்களத்தூரிலும் பொத்தேரியிலும் வாடகை ரூமில் நாலு பேராகத் தங்குகிறார்கள். ஒருத்தன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று யாருக்குத் தெரியும்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாடு முழுக்கத் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 1,416. படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது, இல்லையா?

2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் இதற்காகவே வழிகாட்டு நெறிகள் போட்டது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனம் தகுதியான கவுன்ஸலர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் மனநல முதலுதவிப் பயிற்சி தர வேண்டும். 'மற்ற ஊழியர்கள்' என்று சேர்த்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது. லைப்ரரி அட்டெண்டரும் அதில் வருகிறார்!

"பாடம் நடத்தவா, வைத்தியம் பார்க்கவா?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த சம்பளத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் தலையில் இன்னொரு சுமையா? வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை, ஸார். செய்ய வேண்டியது மூன்றே விஷயம். கவனிப்பது, கேட்பது, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

நன்றாகப் படித்தவன் திடீரென்று பின்தங்குகிறான், அடிக்கடி லீவு, குளிக்காமல் வருகிறான், நண்பர்களை விட்டு ஒதுங்குகிறான், சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டன... இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் சும்மா விடக்கூடாது. தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு வாரமா உன் முகமே சரியில்லையேப்பா, என்ன விஷயம்?" என்று கேட்டாலே பாதி பாரம் இறங்கும். கேட்டுவிட்டு உபதேசம் வேண்டாம். "எங்க காலத்துல..." என்று ஆரம்பித்தால் பையன் வாயை மூடிக்கொள்வான்.

பேச்சு விபரீதமாகப் போனால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால், தனியே விடாமல் கூடவே இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டுக்கும் உடனே சொல்லியாக வேண்டும். மற்றபடி, அவன் நம்பிச் சொன்னது ஸ்டாஃப் ரூம் டீயோடு கலந்துவிடக் கூடாது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற ஒரே கிண்டலுக்குப் பயந்தே எத்தனை பிள்ளைகள் கவுன்ஸலர் அறைப்பக்கம் போகாமல் இருக்கிறார்கள், தெரியுமா?

ஆபீஸ் விதிகளையும் கொஞ்சம் திருத்த வேண்டும். ஒரு காலத்தில் பிளஸ் டூவில் தவறினால் ஒரு வருஷம் போச்சு என்றிருந்தது. மனநல மருத்துவர்கள் வலியுறுத்தியதும் சேர்ந்து, அதே கோடையில் மறுபடி எழுதத் துணைத் தேர்வு வந்தது. ஒரு சின்ன விதி மாறியதில் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கிறதோ! அதேபோல, அட்டெண்டன்ஸ் குறைந்தால் ஆறாவது வாரம் தபால் போடுவதற்குப் பதில், மூன்றாவது நாளே ஒரு போன். அதுவும் அதட்டலாக இல்லாமல், "உடம்பு சரியில்லையாப்பா?" என்று. "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பது கடைசி வாக்கியமாக இருக்கட்டும். முதல் வாக்கியமாக வேண்டாம்.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசம். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகாவின் எண் 044-24640050. இந்த எண்கள் ஹாஸ்டல் சுவரிலும், மெஸ் வாசலிலும், ஐ.டி. கார்டின் பின்பக்கத்திலும் இருக்க வேண்டாமா?

கடைசியாக, பெற்றோரான நமக்கு. அட்மிஷனுக்குப் போனால் ஃபீஸ் எவ்வளவு, பிளேஸ்மென்ட் எப்படி, ஹாஸ்டல் சாப்பாடு நல்லாயிருக்குமா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அடுத்த தடவை இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

"என் பிள்ளை மூணு நாள் கிளாஸுக்கு வரலைன்னா, ஏன்னு யார் கேட்பாங்க?"

சட்டென்று ஒரு பெயர் சொன்னார்கள் என்றால், தைரியமாகச் சேர்க்கலாம்.