வாஸ்கோடகாமாவுக்குச் சிறப்புத் தகுமா?

கோவாவின் வாஸ்கோடகாமா நகரிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் இரயில் நம் சேலம் வழியாகத்தான் போகிறது. அன்னையின் திருத்தலத்திற்குச் செல்லும் வண்டியில் அப்பெயரைக் காணுந்தோறும் நம் உள்ளம் உறுத்துகிறது.

1498-இல் கோழிக்கோட்டை அடைந்த அப்போர்ச்சுகீசியர் துணிவுடையவரே. ஆனால் "இந்தியாவிற்குக் கடல்வழி கண்டவர்" என்று நாம் மனப்பாடம் செய்வது பாதி உண்மைதான். ஆப்பிரிக்காவின் மாலிந்தியிலிருந்து அவரை அழைத்து வந்தவர், அவ்வழியை முன்பே அறிந்த ஒரு மாலுமி.

இதுகூடப் பெரிதன்று. 1502-இல், மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பலொன்றைப் பயணிகளோடு எரித்தார் அவர். பெண்கள் நகைகளை நீட்டி, குழந்தைகளைத் தூக்கிக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்டார்களாம். எழுதி வைத்தவர் பகைவரல்லர். அதே பயணத்தில் சென்ற தோமே லோபெஸ். பாயில் சிலுவை இருந்தால் பாவம் புண்ணியமாகிவிடுமா? "அக்காலம் அப்படி" என்பார்கள் சிலர். லோபெஸும் அக்காலத்தவர்தாமே! அவர் மனம் பதறியதே!

1998-இல் ஐந்நூறாம் ஆண்டு விழா வேண்டாமென்று கேரளத்திலும் கோவாவிலும் எதிர்ப்பு எழுந்தது நியாயமே. ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லவில்லை நாம். 1524-இல் அவரை அடக்கம் செய்த கொச்சி தேவாலயத்தையும் தாராளமாகப் பார்த்து வரலாம். மாலை மரியாதை மட்டும் வேண்டாம். பாடநூலில் 1498-க்குப் பக்கத்தில் 1502-உம் இடம் பெறட்டும்.