டேவிட்டின் கனவு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பக் காரை எடுத்து, அதன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, வண்ணத்தைச் சுரண்டி, இருக்கைகளைப் பிரித்துப்போட்டு, மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றி நாம் என்ன எண்ணுவோம்? பொறுப்பற்றவர் என்போம். பிள்ளைகளின் பாலுக்கும் படிப்புக்கும் ஆக வேண்டிய பணம் வண்ணத்திலும் வெல்வெட்டிலும் போகிறதே என்று இல்லத்தரசிகள் கவலைப்படுவர். அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிகோ, ஸ்பானிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இந்த வேலை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதை வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட காருக்கு 'லோ ரைடர்' என்று பெயர். தாழ்ந்து செல்வது என்பது பொருள். அதை ஓட்டுபவரையும் அப்பெயராலேயே அழைப்பர். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில், கலிபோர்னியாவின் வெள்ளை இளைஞர்கள் பழைய கார்களின் எடையைக் குறைத்து, எஞ்சினின் ஆற்றலைக் கூட்டி, வேகப் பந்தயத்தில் விட்டனர். மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள் செய்ததோ அதற்கு நேர் எதிரானது. அவர்கள் தங்கள் காரைத் தாழ்த்தி, நடந்து செல்பவர் எட்டிப் பிடிக்கும் வேகத்தில் கடைத்தெரு வழியே ஓட்டிச் சென்றனர். தொடக்கத்தில் அதற்கு எந்தக் கருவியும் இல்லை. டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கினர். சிலர் ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை வெட்டி எறிந்தனர். புதிய கார் வாங்க இயலாதவன் பழைய காரைத் துடைத்துப் பளபளப்பாக்கி ஞாயிற்றுக்கிழமை மாலையில் தன் மக்கள் காண வீதியில் செல்வதில் ஒரு தன்மானம் இருந்தது. அந்நாளில் அவர்கள் விரும்பிய இடத்தில் வீடு வாங்க முடியவில்லை. விரும்பிய பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பவும் பல ஊர்களில் முடியவில்லை. வீதி ஒன்றுதான் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது.

அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைக்கப்பட்ட காரின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடிமட்டத்திற்குக் கீழே இருக்கலாகாது என்பது அதன் சாரம். காரைத் தாழ்த்துவோருக்குத் தண்டம் விதிக்க அது காவலருக்கு வசதியாயிற்று. ஆனால் தேவை வந்தால் புத்தி பிறக்கும் அல்லவா? ரான் அகிர்ரே என்னும் இளைஞர் 1950-களின் இறுதியில், போர் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த விமான உதிரிப் பாகங்களைக் கொண்டு தம் காரில் ஓர் ஏற்பாடு செய்தார். விமானத்தின் உறுப்புகளை எண்ணெய் அழுத்தத்தால் அசைக்கும் பம்புகளும் வால்வுகளும் அவர் காரின் முன்புறத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்பட்டன. ஒரு சுவிட்சைத் தட்டினால் கார் தரையோடு தாழும். காவலர் வருவதைக் கண்டு மறுபடி தட்டினால் சட்டத்திற்கு உட்பட்ட உயரத்திற்கு எழும். சட்டம் இல்லாதிருந்தால் இந்தக் கலை மணல் மூட்டையோடு நின்றுபோயிருக்கும் என்றே தோன்றுகிறது.

இந்த ஏற்பாடு இயங்கும் விதம் எளிது. டிக்கியில் வரிசையாக பேட்டரிகள் இருக்கும். அவற்றின் மின்சாரத்தால் ஒரு மோட்டார் சுழன்று, பம்பை இயக்கி, எண்ணெயைக் குழாய்களின் வழியே தள்ளுகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் ஸ்பிரிங்கோடும் ஓர் உருளை இணைக்கப்பட்டிருக்கும். எண்ணெய் அதற்குள் புகும்போது அதிலுள்ள தண்டு வெளியே நீண்டு காரின் உடலைத் தூக்குகிறது. வால்வைத் திறந்தால் காரின் எடையே எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடும். கார் மெல்லத் தாழ்ந்து அமரும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனிச் சுவிட்சு இருந்தால் கார் ஒரு பக்கமாகச் சாயும், மூன்று கால்களில் நிற்கும், முன்புறம் துள்ளவும் செய்யும். துள்ளும் காரின் சேசிஸ் விரைவில் வெடித்துவிடும் என்பதால் அதன் மேல் எஃகுத் தகடுகளை வைத்து வெல்டிங் செய்து வலுப்படுத்துவர். இதைச் செய்யாமல் துள்ளவிட்டுக் காரைப் பாழாக்கினவர்களும் உண்டு.

எனினும் உண்மையான உழைப்பு வண்ண வேலையில்தான் இருக்கிறது. முதலில் டிங்கரிங் வேலை. பத்து ஆண்டு ஓடிய காரின் நெளிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண் ஏமாறும் இடத்தில் கை ஏமாறாது. பிறகு வெள்ளி அல்லது பொன் நிறத்தில் ஒளியைத் திருப்பும் அடிப்பூச்சு ஒன்று. அதன்மேல் சாயம் கலந்த கண்ணாடி போன்ற பூச்சைப் பலமுறை தெளிப்பர். ஒவ்வொரு முறையும் நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். வெயில் இந்தச் சாயத்தின் ஊடே சென்று அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்புவதால், கார் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றும். இதனை 'கேண்டி' வண்ணம் என்கிறார்கள். பாகு காய்ச்சிய மிட்டாய்க்கு நிகரான பளபளப்பு. தெளிக்கும் கை ஓரிடத்தில் ஒரு கணம் தயங்கினால் அங்கே நிறம் திட்டாகிவிடும். ஒருமுறை கீறல் விழுந்தால் அந்த இடத்திற்கு மட்டும் நிறம் சேர்ப்பது மிகக் கடினம். பெரும்பாலும் அந்தத் தகடு முழுவதையும் மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும். பிறகு ஒட்டுநாடா கொண்டு வடிவங்களை மறைத்து, மேலும் வண்ணம் தெளித்து, அதன்மேல் முடி போன்ற கோடுகளைத் தூரிகையால் இழுத்து, இறுதியில் நிறமற்ற பூச்சைப் பூசித் தேய்த்து மெருகேற்றுவர். பம்பருக்கும் பிற உலோகப் பாகங்களுக்கும் செம்பு, நிக்கல், குரோமியம் என அடுக்கடுக்காக முலாம் பூசுவதும், உள்ளே குஷன் வேலையும் இருக்கின்றன. அவற்றை விரித்துரைக்கின் இப்பக்கம் போதாது.

இத்தகைய வேலையின் உச்சத்தைக் காண விழைவோர் 'ஜிப்சி ரோஸ்' என்னும் காரைக் குறிப்பிடுவர். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ஜெசி வலாடெஸ் என்பவருடைய 1964-ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா அது. இளஞ்சிவப்பு உடலெங்கும் ரோஜா மலர்களை வரைந்தவர் வால்ட் பிரே. 1974-இல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் அந்தக் கார் தோன்றியதால் நாடெங்கும் பெயர் பெற்றது. வலாடெஸ் 2011-இல் இறந்தபோது அவருடைய இறுதி ஊர்வலத்தில் அதுவும் சென்றது. 2017-இல் தலைநகர் வாஷிங்டனின் நடுவே, அரசுக் கட்டடங்களுக்கிடையே உள்ள புல்வெளியில் கண்ணாடிக் கூண்டுக்குள் அதைக் காட்சிக்கு வைத்தனர். ஒரு காலத்தில் காவலர் நிறுத்திச் சோதித்த வகைக் கார் அது.

ஆனால் நம் உள்ளத்தை அதிகம் தொட்டது புகழ்பெற்ற அந்தக் கார் அன்று. அதனினும் எளிய ஒன்று. நியூ மெக்சிகோ மாநிலத்தின் மலைச்சரிவிலுள்ள சிமாயோ என்னும் சிற்றூரில் உருவானது.

சிமாயோவைக் கத்தோலிக்க வாசகர்கள் சிலர் அறிந்திருப்பர். அங்கே 1816-இல் கட்டி முடிக்கப்பட்ட மண்சுவர்க் கோவில் ஒன்று திருத்தலமாக விளங்குகிறது. அதன் ஓர் அறையிலுள்ள சிறு குழியிலிருந்து நோயாளிகளுக்காக மண்ணை அள்ளிச் செல்வர். புனித வாரத்தில் பல்லாயிரவர் நெடுஞ்சாலை வழியே கால்நடையாக அங்கு வந்து சேருவர். ஊருக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் மலைத்தொடருக்கு ஸ்பானியர் இட்ட பெயரே 'கிறிஸ்துவின் இரத்தம்' என்பதாகும். தறி நெய்யும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் அது. அருகிலுள்ள எஸ்பன்யோலா நகரமோ உலகின் லோ ரைடர் தலைநகரம் என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது! பெரிய வெள்ளியன்று திருப்பயணிகள் நடக்கும் அதே வட்டாரத்தில் இந்தக் கார்களும் மெல்ல ஊர்ந்து செல்லும். பானெட்டிலோ டிக்கி மூடியிலோ குவாதலூப்பே அன்னையின் உருவமும், முள்முடி சூடிய ஆண்டவரின் முகமும் தீட்டப்பட்டிருக்கும். துக்க நாளில் இது தகுமா என்று கேட்போர் உளர். அன்னையின் படத்தைப் பத்துமுறை தேய்த்து மெருகேற்றிய கை பக்தியற்ற கை என்று சொல்ல நாம் துணியோம். அதே வேளையில், எல்லாப் படங்களும் பக்தியால் மட்டுமே வரையப்பட்டவை என்றும் சொல்ல இயலாது.

அந்தச் சிமாயோவில் டேவிட் ஹராமியோ என்பவர் 1970-களில் ஃபோர்டு நிறுவனத்தின் 1969-ஆம் ஆண்டு எல்.டி.டி. கார் ஒன்றை மாற்றியமைக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 18 அடி நீளமும், இரண்டு டன்னுக்குச் சற்றே குறைந்த எடையும் உள்ள அக்கார் அமெரிக்கக் குடும்பங்களுக்கென்று இலட்சக்கணக்கில் விற்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. அதனிடம் அரிய தன்மை எதுவும் இல்லை. அதைத் தாழ்த்தி, சிவக்க வைத்து, துள்ளச் செய்து, போட்டிகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. வேலை முடியவில்லை. 1978-இல் அவர் இறந்துபோனார்.

முற்றத்தில் பாதி முடிந்த கார். வீட்டில் கைம்பெண்ணான மனைவியும் மகனும். இந்நிலையில் பெரும்பாலான வீடுகளில் என்ன நிகழும் என்பதை வாசகர்கள் அறிவர். வந்த விலைக்கு விற்றுவிடுவர்; அதில் குற்றம் சொல்லவும் முடியாது. ஹராமியோவின் மனைவி அப்படிச் செய்யவில்லை. உறவினரும் ஊரிலுள்ள கைவினைஞர்களும் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தனர். காருக்கு 'டேவிட்டின் கனவு' என்று பெயரிட்டனர். போட்டிகளுக்கும் ஊர்ப் பவனிகளுக்கும் அது சென்றது. செலவு செய்த கணவன் போய்விட்டபின் அந்தச் செலவை மனைவியே தொடர்ந்தாள் என்பதைக் கேட்கையில், இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கவலையை நாம் சற்று நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு அது காராக மட்டும் இருந்திருக்க முடியாது.

1990-இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகம் இதனை விலைக்கு வாங்கிற்று. வாங்கிய பொருளை உள்ளபடியே வைத்துக் காப்பதுதான் அருங்காட்சியகங்களின் வழக்கம். இங்கே அவர்கள் அந்த வழக்கத்தை விட்டு, எஞ்சியிருந்த வேலையை நிறைவு செய்ய விதவையாகிய அந்தப் பெண்மணியையும், இறந்தவரின் பெயரையே கொண்ட ஒன்றுவிட்ட சகோதரரையும், உள்ளூர்க் கைவினைஞர்களையும் உடன்சேர்த்துக்கொண்டனர். காரின் உட்புறம் வெல்வெட்டால் மூடப்பட்டது. டேவிட், அவர் மனைவி, மகன் ஆகிய மூவரின் உருவமும் காரில் தீட்டப்பட்டன. காரைத் தாழ்த்தும், உயர்த்தும், முன்புறத்தைத் துள்ளவைக்கும் கருவிகளும் பொருத்தப்பட்டன. இவையெல்லாம் ஒரு குடும்பத்தின் கைவேலை என்பதால்தான் தேசத்தின் கொடியும் குடியரசுத் தலைவர்களின் பொருள்களும் உள்ள இடத்தில் அதற்கும் ஒரு மூலை கிடைத்தது.

கலிபோர்னியாவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், மெல்ல ஊர்ந்து செல்வதைத் தடுக்கப் பின்னாளில் நகரங்களுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தோடு சேர்த்து, 2023-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தால் நீக்கப்பட்டது. 2024 ஜனவரி முதல் நாளிலிருந்து அம்மாநிலத்தில் எவரும் தம் காரைத் தாழ்த்திக்கொண்டு வீதியில் மெதுவாகச் செல்லலாம். காவலரைக் கண்டு சுவிட்சைத் தட்ட வேண்டியதில்லை.