மேல்படிப்புக்கு ஊக்க ஊதியம் வீண் செலவா?

'ஆசிரியர்கள் மேல்படிப்பு படிப்பதே இன்கிரிமென்ட்டுக்காகத்தான், பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, நிறுத்தியது சரிதான்.' விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பேச்சை டீக்கடையிலும் கேட்கலாம், மெத்தப் படித்தவர்கள் மேடையிலும் கேட்கலாம். இது தவறான பேச்சு.

பணியில் இருக்கும் ஆசிரியர் ஓர் உயர்கல்வித் தகுதி பெற்றால் இரண்டு ஊக்க ஊதிய உயர்வு, அதாவது அடிப்படைச் சம்பளத்தில் 6 சதவீதம், தமிழகத்தில் கிடைத்துவந்தது. 10.3.2020 தேதியிட்ட அரசாணை அதை ரத்து செய்தது. கொரோனா நெருக்கடியில் அரசுக்கு வேறு வழியில்லை என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். ஊரடங்கு தொடங்கியது மார்ச் 25. ஆணை அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டது.

'அதற்குப் பதிலாகத்தான் மொத்தமாக ஒரு தொகை தருகிறார்களே' என்பது அடுத்த வாதம். அரசுப் பணியாளர்களுக்கு 2023-ல் வந்த ஏற்பாடு அது. முதுநிலைப் பட்டத்துக்கு 20,000 ரூபாய், முனைவர் பட்டத்துக்கு 25,000, அதுவும் ஒரே ஒரு முறை. பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400. அதில் 6 சதவீதம் மாதம் 2,184 ரூபாய். பழைய முறையில் பத்தாம் மாதத்திலேயே 20,000 தாண்டிவிடும். அகவிலைப்படியும் ஓய்வு வரையான ஆண்டுகளும் அதற்கு மேல் வரும் கணக்கு.

பணத்துக்காகப் படிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். துறையிடம் முன் அனுமதி வாங்கி, கைக்காசில் கட்டணம் கட்டி, சனி ஞாயிறு வகுப்புக்கு மதுரைக்கோ காரைக்குடிக்கோ பஸ் ஏறி, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவர்கள் இவர்கள். உழைப்புக்குப் பலன் எதிர்பார்ப்பதில் என்ன இழிவு இருக்கிறது? மேல்படிப்பு படித்த டாக்டர் கூடுதல் சம்பளம் வாங்குவதை யாரும் பேராசை என்று சொல்வதில்லை.

'பட்டம் வாங்கினால் பாடம் மாறிவிடுமா?' இந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நடத்தும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத பட்டத்தால் மாணவருக்குப் பெரிய பயன் இல்லை என்பதை அமெரிக்க ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் நடத்தும் பாடத்திலேயே ஆழமாகப் படித்தவர் விஷயம் வேறு. சிவகாசி வட்டாரத்துப் பத்தாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் இருக்கும் பிள்ளையின் அம்மா பட்டாசு ஆலையிலிருந்து அலுமினியப் பொடி படிந்த கையோடு சாயங்காலம் வீடு திரும்புகிறவர். மத்தாப்பில் பச்சை நிறம் பேரியத்தால் வருகிறது, சிவப்பு ஸ்ட்ரான்சியத்தால் வருகிறது. பட்டாசில் பேரியத்தை உச்ச நீதிமன்றம் ஏன் தடை செய்தது. ஈரம் பட்ட அலுமினிய மருந்துக் கலவை ஏன் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கிறது. வேதியியலை ஊன்றிப் படித்த ஆசிரியர் இதையெல்லாம் கரும்பலகையில் சமன்பாடு எழுதி விளக்குவார். மதிப்பெண்ணையும் தாண்டி, அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கு அது உயிர் காக்கும் அறிவு. ஆகவே எந்தப் படிப்புக்கு ஊக்கம் என்று பட்டியலைச் சரிசெய்திருக்க வேண்டும். அரசு பட்டியலையே கிழித்துப் போட்டது.

சரிசெய்ய முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவில் 1987 முதல் இயங்கும், கற்பித்தல் தரத்துக்கான தேசிய வாரியத்தின் சான்றிதழைப் பெற ஆசிரியர் தன் வகுப்பின் வீடியோவையும் மாணவர் எழுதிய தாள்களையும் சமர்ப்பிக்க வேண்டும், பாடத் தேர்வும் எழுத வேண்டும். அப்படிப் பெற்றவருக்கு மிசிசிப்பி மாநிலம் ஆண்டுதோறும் 6,000 டாலர் தருகிறது. வாஷிங்டன் மாநிலத்தில், ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளியில் பணியாற்றினால் சான்றிதழுக்கான தொகைக்கு மேலும் ஒரு தொகை உண்டு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் நம் பள்ளிகளுக்கு அப்படியே பொருந்தும் ஏற்பாடு இது.

'ஊக்கம் இல்லாமலேயே விருதுநகர் முதலிடம் வாங்கியதே' என்பவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். பிளஸ் 2 தேர்ச்சியில் 2017, 2018 ஆண்டுகளில் இந்த மாவட்டம் முதலிடம் பெற்றபோது ஊக்க ஊதியம் நடைமுறையில் இருந்தது. வெற்றி அதனால் மட்டுமே வந்தது என்று நான் சொல்லவில்லை. 2023-ல் அது நிறுத்தப்பட்ட பிறகும் முதலிடம் வந்தது உண்மை. ஆனால் 2017, 2018 வெற்றிகள் அது இல்லாமல் வந்தவை என்பது பொய். அதே 2018-ல், முன்னேற வேண்டிய மாவட்டங்கள் என்று மத்திய அரசு போட்ட பட்டியலில் தமிழகத்திலிருந்து இராமநாதபுரத்தோடு விருதுநகரும் இருந்தது. தேர்ச்சி சதவீதத்தோடு வேலை முடிந்துவிடவில்லை.

கடைசியாக, 'கட்டாயப்படுத்தினால் படிக்கப் போகிறார்கள்.' எட்டாம் வகுப்பு வரை நடத்தும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் பணி மீதமிருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 1.9.2025-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டாயம் வந்துவிட்டது. தேறாவிட்டால் வேலை போகும் என்ற பயத்தில் படிப்பவர் தேர்வுக்கு வேண்டியதை மட்டும் படிப்பார். வகுப்புக்கு வேண்டியதைப் படிக்க நேரமும் ஊக்கமும் வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது இதுதான்: நடத்தும் பாடத்தோடு இணைந்த உயர்கல்விக்கு நிரந்தர ஊதிய உயர்வைத் திரும்பக் கொடுங்கள். படிப்புக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்துக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பள்ளிகளில் தங்கிப் பணியாற்றுகிறவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு பங்கு சேர்த்துக் கொடுங்கள்.