தெளிந்த வானத்தின் கீழ் வரும் அபாயம்

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி, சிக்கிமில் நாதுலா கணவாய்க்குச் செல்லும் ஜவாஹர்லால் நேரு சாலையில், உச்சிவேளை நெருங்கும் சமயத்தில் பனிச்சரிவு இறங்கி ஏழு பிரயாணிகளைப் பலி கொண்டது. 13-ஆவது மைல் வரை செல்வதற்கே அனுமதி இருக்க, அவர்கள் 15-ஆவது மைலை ஒட்டிய இடத்துக்குப் போயிருந்தார்கள். வசந்தகாலச் சூரியன் மேற்பனியை உருக்க, அந்நீர் உள்ளே கசிந்து, அடுக்கோடு அடுக்கு பற்றியிருக்கும் பிடிப்பைத் தளர்த்திவிடுவதால், பார்வைக்கு இனிய இளவெயிலே மலைச்சரிவில் நிற்பவனுக்குச் சத்துருவாகிவிடுவது உண்டு.

இமயத்துச் சங்கதி கன்னியாகுமரி ஜில்லாவின் கடற்கரையூரான நம் தேங்காய்ப்பட்டணத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள், 2024 மே மாதத்தின் முதல் வாரத்தை எண்ணிப் பார்க்கட்டும். காற்றும் மழையும் இல்லாத 5-ஆம் தேதியன்று, தகப்பனாருடன் இதே கரைக்கு வந்த ஏழு வயதுச் சிறுமியை அலை இழுத்துச் சென்றது. தகப்பனாரைக் காப்பாற்ற முடிந்தது, குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் மாண்டனர்.

கள்ளக்கடல் என்று நம் கரையோர ஜனங்கள் அறிந்திருக்கும் இந்த விபரீதம், தென் சமுத்திரத்தில் எங்கோ எழும் புயலில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தைப் பல நாட்களில் கடந்து, பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேருகிறது. குழித்துறை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தருகே, அலைத் தடுப்புச் சுவரின் பாறைகள்மேல் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு, நெடுநேரம் சாதுவாகவே இருந்த நீர் திடீரென்று பாறைக்கு மேலேறி, திரும்பும்போது காலடியைப் பறித்துக்கொண்டு போகும் வேகம் கற்பனைக்கும் எட்டாதது. வள்ளத்தை மேட்டுக்கு இழுத்து வைக்க வேண்டிய நாள் எது என்று மீனவனுக்குத் தெரியும். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்த மே நாட்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது. ஆகவே சாஸ்திரம் தவறியது என்று எவரும் சொல்ல இடமில்லை. எச்சரிக்கைக்கும் மணலில் நிற்கும் மனிதனுக்கும் நடுவேயுள்ள கடைசி நூறு கஜந்தான் காவலற்றுக் கிடந்தது. ஒக்கிப் புயல் வீசிய 2017 நவம்பர் இறுதியில், ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்த நம் மீனவர்களுக்கு முன்னறிவிப்பு எட்டாமற் போன துயரத்தை இந்த ஜில்லா மறக்கவில்லை. லெமூர் கடற்கரை மூடப்பட்டிருந்தும் மாணவர்கள் தோப்பு வழியே சென்றுவிட்டார்கள் என்று 2024-இல் சொல்லப்பட்டது. அது மெய்யானால், வாசலில் தொங்கவிட்ட பலகை மாத்திரம் போதாது, ஆள் வேண்டும் என்பதற்கே அது ருஜுவாகும்.

ஜனங்கள் சொன்னால் கேட்பதில்லை என்ற சமாதானத்தை நாம் ஏற்கவில்லை. எச்சரிக்கை நாட்களில் கரைக்குச் செல்லத் தடை விதித்தால் கடலை நம்பிச் சிறு வியாபாரம் செய்வோரின் பிழைப்பு கெடும் என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு; ஆயினும் வருஷத்தில் சில நாட்களே நீடிக்கும் நஷ்டம் அது, அதைச் சர்க்கார் ஈடுகட்டலாம்.

வருகிற கோடை விடுமுறை தொடங்குமுன், ஆட்சியர் ஒவ்வொரு கடற்கரையிலும் நீச்சல் தேர்ந்த மீனவ இளைஞர்களைச் சம்பளத்தோடு காவலுக்கு அமர்த்த வேண்டும். எச்சரிக்கை வந்த மறுகணமே ஆலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் உள்ள ஒலிபெருக்கிகளில் அதை அறிவிக்க ஏற்பாடு செய்து, முகத்துவாரச் சுவருக்குச் செல்லும் பாதையையும் தோப்புகளினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளையும் அன்றைக்கே அடைக்கும் அதிகாரத்தை அக்காவலர்களுக்கு அளிக்க வேண்டும்.