கேட்பவர் குழந்தை அல்லர்

தத்துவ, உளவியல் பாட்காஸ்ட்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் முன்வைக்கப்படுகிறது. கேட்பவர் துறை அறிஞர் அல்லர். பேருந்திலோ சமையலறையிலோ வேறு வேலைக்கு நடுவே கேட்பவர். ஆகவே சிக்கல்களைக் களைந்து, உருக்கமான கதை ஒன்றைச் சேர்த்து, இறுதியில் வாழ்க்கைக்கு உதவும் குறிப்புகளைத் தரவேண்டும் என்பது அந்த வாதம். கருணைபோலத் தோன்றும் இதில் இருப்பது கேட்பவர் மீதான இளக்காரமே.

டேம்லர் சாமர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியரும் டேவிட் பிசாரோ என்ற உளவியல் பேராசிரியரும் 2012ல் தொடங்கிய ‘வெரி பேட் விசார்ட்ஸ்’ நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆய்வுக் கட்டுரையையோ போர்ஹெஸின் சிறுகதையையோ முன்வைத்து இருவரும் ஒரு மணிநேரத்துக்கும் மேலாக வாதிடுகிறார்கள். நக்கலும் கெட்டவார்த்தையும் தாராளமாக வருகின்றன. பல சமயம் முடிவுதான் வருவதில்லை. துறைக்கு வெளியே இருப்பவரும் அதை ரசித்துக் கேட்கக் காரணம், சிந்தனை நிகழும்போதே அதன் அருகில் அமர்ந்திருக்கும் உணர்வு.

பிபிசி வானொலியில் 1998 முதல் 2025 வரை ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியை நடத்திய மெல்வின் பிராக் ஒரு நாவலாசிரியர். தத்துவப் பேராசிரியர் அல்லர். காண்ட் ஆனாலும் ஸ்பினோசா ஆனாலும் அறிஞர்களை எதிரில் அமர்த்தி, சுற்றிவளைக்கும் பதில்களை இடைமறித்து, நாம் கேட்க நினைத்ததை அவர் கேட்டார். எளிய சொல்லில் விளக்கு என்று வற்புறுத்துவது வேறு. பொருளையே எளிதாக்கித் தா என்பது வேறு. டேவிட் எட்மண்ட்ஸும் நைஜல் வார்பர்ட்டனும் 2007ல் தொடங்கிய ‘ஃபிலாசபி பைட்ஸ்’ சுருக்கமானதுதான். ஆனால் அங்கும் ஒரு தத்துவவாதியிடம் ஒரு பிரச்சினை பற்றி எதிர்க்கேள்விகள் கேட்கப்படுகின்றன. குற்றம் சுருக்கத்தில் இல்லை.

பொருளை எளிதாக்குவதன் விலை என்ன? 1998ல் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிஸ்கட்டை எதிரில் வைத்துக்கொண்டு முள்ளங்கியை மட்டும் தின்னப் பணிக்கப்பட்டவர்கள், பின்னர் தரப்பட்ட புதிரைச் சீக்கிரமே கைவிட்டார்கள். மனவுறுதி தசைபோலக் களைத்துப்போகும் என்ற முடிவு, கதை சொல்லிகளுக்கு அல்வாபோல வாய்த்தது. 2016ல் 23 ஆய்வகங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, அக்கருத்தை வேறொரு முறையில் சோதித்தன. கிடைத்த விளைவு ஏறக்குறைய பூஜ்யம். அதற்கு முந்தைய ஆண்டு, 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 36 சதவீதமே புள்ளியியல் ரீதியாகத் தேறின.

இந்தச் செய்தி, குறிப்புகள் வழங்கும் நிகழ்ச்சிக்குத் தொல்லை. விவாதிக்கும் நிகழ்ச்சிக்கோ விருந்து. ஒரு துறை தன்னைத்தானே சந்தேகிப்பதைவிடச் சுவாரசியமான நாடகம் வேறென்ன இருக்கிறது? சந்தேகத்தைச் சொன்னால் கேட்பவர் ஓடிவிடுவார் என்பவர்கள் அவரிடமிருந்து பறிப்பது அந்தச் சுவையை மட்டுமல்ல, உண்மையையும்தான். உறுதியாகத் தெரியாத ஒன்றை நம்பித் தன் பழக்கங்களை மாற்றிக்கொள்பவரும், முடியாதபோது தன்னையே நொந்துகொள்பவரும் அவர்தானே?

அடுத்தமுறை ஒரு பாட்காஸ்ட் ஐந்து குறிப்புகளுடன் முடிந்தால், அதில் சொல்லப்பட்ட ஆய்வு மறுமுறை சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள்.